மூங்கிலுக்குள் ஒரு தகப்பன்

அன்புள்ள ஐயா,
136 ஆண்டுகள் காணாமல்போய், 2011-ல் மீண்டும் கிடைத்ததாகச் செய்தி வந்த வெண்புள்ளிப் புதர்த்தவளை, களக்காடு முண்டந்துறைக் காட்டில் மூங்கிலுக்குள் முட்டையிடுகிறதாமே! நண்பர்களோடு போகிறோம். ஒரே ஒரு மூங்கிலைப் பிளந்து படம் எடுக்கலாமா? தலைப்பிரட்டைகளைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டால் இனம் பெருகுமல்லவா?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இதற்குத் தலைப்பிரட்டையே கிடையாது. அந்தப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிந்து, குட்டித் தவளையாகத்தான் வெளியே வரும். தொட்டியில் மீன் விடுங்கள்.

‘காணாமல்போனது’ என்பதும் நம் சௌகரியத்துக்குச் சொல்வது. அது தன் மூங்கிலில்தான் இருந்தது.

பிளப்பதைப் பற்றித்தான் பேச வேண்டும். அந்த மூங்கில் ஒக்லாண்ட்ரா, நாணல் மாதிரி மெலிந்த காட்டு மூங்கில். தவளைக்குப் பட்ட கழி உதவாது. உயிருள்ள கழி வேண்டும். அதில் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே பூச்சியோ எலியோ உண்டாக்கிய சிறு கீறல் இருக்க வேண்டும், அதுவும் அடிப்பக்கம். மேலே இருந்தால் மழைநீர் உள்ளே இறங்கித் தேங்கிவிடும். இத்தனையும் பொருந்திய கழி ஒரு புதரில் எத்தனை இருக்கும், நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆண் அந்த இடுக்கில் உடம்பை நெருக்கி நுழைந்து, உள்ளிருந்தே கூப்பிடும். பெண் வந்து ஐந்தாறு முட்டை இட்டுவிட்டுப் போகும். காவல் அப்பனுக்கு.

காவல் எதற்கு என்கிறீர்களா? ஆராய்ச்சியாளர்கள் ஆணை அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். முட்டைகளைத் தின்றவை பெரும்பாலும் அதே இனத்தின் வேறு ஆண்கள்! நீங்கள் கத்தியை வைத்ததும் அப்பன் துள்ளி ஓடும். அரை மணியில் படம் எடுத்து, பிளந்ததைச் சேர்த்துக் கட்டிவிட்டு வந்தாலும் வீடு வீடாகாது: ஈரம் போய்விடும், இடுக்கு அகன்றுவிடும், கண்டது எல்லாம் உள்ளே வரும். உங்களுக்கு ஒரு கழி, அதற்கு அந்த ஆண்டின் குடும்பமே. பாய்க்கும் காகிதக் கூழுக்கும் மூங்கில் வெட்டுகிறவர்களை ஏசுகிறோம். அவர்களுக்காவது அது பிழைப்பு. உங்களுக்கு என்ன, நண்பரே?

ஆர்வம் நல்லதுதான், அதை விட்டுவிடாதீர்கள். வனத்துறை அனுமதியோடு போங்கள். இருட்டியதும் புதருக்கு அருகே விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள். கழியைத் தட்டாதீர்கள், குரலைப் பதிவுசெய்து திருப்பிப் போடாதீர்கள். கட்டைவிரல் நுனியளவுதான் இருக்கும். பளீரென்ற பச்சை, தொடையில் சாம்பல் நீலம். வெளியே வந்தால் படம் எடுங்கள். வராவிட்டால் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு ஊருக்குத் திரும்புங்கள்.