மானியம் இருக்கட்டும், நோட்டு இருக்கிறதா?

கேள்வி: ஐயா, சத்தியமங்கலம் பக்கம் எனக்கு மூன்றரை ஏக்கர். இரண்டில் மஞ்சள், ஒன்றரையில் தென்னை. ஒன்றரை வருடமாக ரசாயனம் போடுவதில்லை. போன தை மாதம் தென்னைக்கு மட்டும் ஒரு தடவை பொட்டாஷ் வைத்தேன். இயற்கை மஞ்சள் என்றால் கூடுதல் விலை தருவதாகச் சொல்லும் வியாபாரி சான்று கேட்கிறார். மருந்துக் கடைக்காரர் ஒருவர், 25,000 ரூபாய் கொடுத்தால் ஆறு மாதத்தில் சர்டிபிகேட் வாங்கித் தருவதாகவும், அந்தப் பணம் அப்படியே அரசு மானியமாக என் கணக்குக்கு வந்துவிடும் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் மானியத்தையே கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் இயற்கை விவசாயத் திட்டமான பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனாவில் ஒரு ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 31,500 ரூபாய். அதில் இடுபொருளுக்காக விவசாயி கணக்குக்கு வருவது 15,000. சான்றுக்கும், விளைச்சலில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எச்சப் பரிசோதனைக்கும் 3,000. உங்கள் மூன்றரை ஏக்கர் 1.4 ஹெக்டேர், சான்றுக்கான பங்கு 4,200 ரூபாய்தான். 25,000 எங்கிருந்து திரும்பி வரும்?

இந்தத் திட்டம் தனி ஆளுக்குக் கிடைக்காது. 20 ஹெக்டேர் சேர்ந்த குழுவில் இருக்க வேண்டும். மஞ்சள் தோட்டக்கலையில் வருவதால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் பக்கம் குழு இருக்கிறதா, இடம் இருக்கிறதா என்று அவர்கள்தான் சொல்ல முடியும். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று கையோடு போகட்டும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: அந்த வியாபாரிக்கு எந்தச் சான்று வேண்டும்? ஏற்றுமதிக்கு என்றால் மத்திய அரசின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டமான என்.பி.ஓ.பி. சான்றுதான் செல்லும், நம் மாநிலத்தில் அதை விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை தருகிறது, தனியாகவும் விண்ணப்பிக்கலாம். குழுவில் ஒருவரை ஒருவர் சரிபார்த்துத் தரும் பி.ஜி.எஸ். சான்று உள்நாட்டு விற்பனைக்கு மட்டும். சாப்பிடுகிறவர் கையிலேயே நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு 2017 உணவுப் பாதுகாப்பு விதிகளில் சான்றிலிருந்து விலக்கே உண்டு. அரசின் இயற்கை உணவு முத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. வியாபாரியிடம் இதைக் கேட்காமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

சரி, ஆறு மாதக் கதைக்கு வருகிறேன். என்.பி.ஓ.பி.யில் மாறுதல் காலம், அதாவது ரசாயனத்தை விட்ட பிறகு காத்திருக்க வேண்டிய காலம், பொதுவாக மஞ்சளுக்கு நடவுக்கு முன் இரண்டு ஆண்டு, தென்னைக்கு அறுவடைக்கு முன் மூன்று ஆண்டு. ஒன்றரை வருடமாக ரசாயனம் போடவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆய்வாளர் நம்ப வேண்டுமே! எழுதி வைத்தது எங்கே?

எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பணம் இல்லாமல் சான்று நின்றுபோன தோட்டத்தைவிட, குறிப்பு நோட்டு இல்லாமல் நின்றுபோன தோட்டத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஓர் ஆய்வின்போது நானும் கூட இருந்தேன். எட்டு மாதக் குறிப்பும் ஒரே நீலப் பேனாவில், ஒரு அடித்தல் இல்லாமல், முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதியது பளிச்சென்று தெரிந்தது. ஆய்வாளர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனார். அங்கே காலி மருந்து டப்பா கிடந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் போட்டது என்றார் தோட்டக்காரர். இருக்கலாம். ஆனால் அந்த நோட்டைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை.

நோட்டு அழுக்காக இருக்கலாம், சாணிக் கறைகூடப் படலாம். தேதி, எந்தக் காடு, என்ன வேலை, எவ்வளவு, எங்கே வாங்கியது, பில். விதை மஞ்சள் எங்கிருந்து வந்தது, எதில் நனைத்தீர்கள் என்பதும் வேண்டும். வேகவைக்கும் கொப்பரையும் பாலிஷ் டிரம்மும் ஊருக்கே பொது என்றால், உங்கள் மஞ்சள் ஏறுமுன் கழுவிய தேதியையும் எழுதுங்கள். இந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

மருந்துக் கடைக்காரர் சர்டிபிகேட்டோடு நிற்க மாட்டார். அப்புறம் ‘ஆர்கானிக்’ பாட்டில் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுத முடியாத பாட்டிலை வாங்காதீர்கள். மூன்றாம் நாளே புழு மொத்தமும் செத்து விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். எச்சப் பரிசோதனையில் மாட்டப்போவது அவரில்லை, நீங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணி, கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கை வரப்பு மண் போட்டு ஜீவாமிர்தம் என்ற இயற்கை உரக் கரைசலைக் கலக்க எந்தக் கடைக்காரரும் வேண்டியதில்லை.

தை மாதம் வைத்த பொட்டாஷை மறைக்காதீர்கள், முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். தென்னையின் கணக்கு அதற்குப் பிறகுதான் ஓடும். மூட்டையில் மீதி இருந்தால் இன்றைக்கே யாருக்காவது கொடுத்துவிட்டு, கொடுத்த தேதியையும் குறித்துவிடுங்கள்.