1 டிபி வாங்கினால் 931 ஜிபி ஏன்? ஸ்டோரேஜ் அளவுகள்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, புதிதாக 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கினேன். விண்டோஸில் 931 ஜிபிதான் காட்டுகிறது. மீதி எங்கே? கடையில் போய்க் கேட்கலாமா?

கேட்க வேண்டாம் தம்பி, ஒரு பைட்டும் குறையவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குவார்கள், அந்தக் கணக்கில் 1 டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதே எண்ணை 1024-ஆல் மூன்று முறை வகுத்துவிட்டு ஜிபி என்று பெயர் போடுகிறது, 931 வருகிறது. டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்து பாருங்கள், மொத்த பைட்டும் ஜிபியும் ஒரே வரியில் பக்கத்து பக்கத்தில் இருக்கும். பைட் எண்ணிக்கை சரியாக இருந்தால் பொருளும் சரி.

கேள்வி: என் மேக்கில் அதே மாதிரி டிஸ்க் முழு 1 டிபி காட்டுகிறதே?

மேக் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டது. 1024 கணக்குக்கென்றே கிபிபைட் (KiB), மெபிபைட் (MiB), ஜிபிபைட் (GiB) என்று தனிப் பெயர்களை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே வைத்துவிட்டது, லினக்ஸில் பல இடங்களில் பார்க்கலாம். விண்டோஸ் மட்டும் கணக்கை ஒன்றாகவும் பெயரை இன்னொன்றாகவும் வைத்திருக்கிறது, இதை மாற்றினால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் கருத்து. அளவு ஏற ஏற இடைவெளியும் கூடும்: கிலோவில் 2.4 சதவீதம், ஜிபியில் 7.4, டிபியில் கிட்டத்தட்ட 10. ரேம் மட்டும் எப்போதுமே 1024 கணக்குதான்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன் சார், டவுன்லோடு 11, 12-க்கு மேல் ஏறவே இல்லை.

நன்றாகவே வருகிறது சார். பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட், ஆக 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. ஃபைலோடு கூடவே போகும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்களும் வேகத்தைக் கொஞ்சம் சாப்பிடும்.

கேள்வி: ஆங்கிலத்தில் ஒரே எஸ்எம்எஸ்ஸில் போவது தமிழில் அடித்தால் இரண்டு மூன்றாக உடைகிறது. ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்து அடங்கும். தமிழ், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் போகிறது, ஒவ்வொரு குறியீட்டுக்கும் 2 பைட், ஆக 70 தான். அதிலும் ‘தமிழ்’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. அதையே நோட்பேடில் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமித்தால் குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 15 பைட் ஆகும். இதற்காக யாரும் தமிழைக் குறைத்து எழுத வேண்டாம், பக்கம் பக்கமாக எழுதினாலும் ஒரு போட்டோ அளவுக்கு வராது.

கேள்வி: பென்டிரைவில் 20 ஜிபி காலி இருக்கிறது, 5 ஜிபி வீடியோ ஏற மாட்டேன் என்கிறது.

அது ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடவே முடியாது, எவ்வளவு இடம் இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் செய்யுங்கள், ஆனால் எல்லாம் அழிந்துவிடும், முதலில் உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அம்மாவின் பழைய போட்டோக்களை அதில் போட்டு வைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம்மா. அந்த விலைக்கு 2 டிபி வராது. உள்ளே சின்ன சிப் வைத்து, பெரிய அளவைப் பொய்யாகச் சொல்லும்படி மாற்றி விற்கிறார்கள். காப்பி ஆவது போலவே தெரியும், உண்மையான இடம் தீர்ந்தபின் போடுவதெல்லாம் போய்விடும், திறக்கும்போதுதான் தெரியவரும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள், அது முடியும் வரை ஃபோனில் இருக்கும் ஒரு போட்டோவையும் அழிக்காதீர்கள்.