கொள்ளு, சிறகவரை மாதிரி சத்தான பயறுகளில் நல்ல ரகங்களை உருவாக்கி ஏன் பரப்பவில்லை?

சத்துக்கு இவற்றில் குறைவில்லை. செடியின் குணம்தான் இடிக்கிறது.

சிறகவரையையே எடுத்துக்கொள்ளுங்கள். குமரியில் நாங்கள் சதுரப்பயறு என்போம், காய்க்கு நாலு விளிம்பு. முற்றிய விதையில் 30 சதவீதத்துக்கு மேல் புரதம், எண்ணெயும் உண்டு, கிட்டத்தட்ட சோயா மாதிரி. இலை, பூ, பிஞ்சு, கிழங்கு எல்லாம் சமைக்கலாம். 1975இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. அரை நூற்றாண்டு ஆகியும் சந்தையில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கிணற்றடியில் ஒரு வருடம் அவசரப்பட்டு மாசியிலேயே விதையை ஊன்றினேன். கொடி முருங்கை உச்சிவரை ஏறியது. ஆவணி முடிந்தும் மொட்டே இல்லை, வெறும் இலை. அப்பா வெட்டுக்கத்தியோடு வந்துவிட்டார். "ஐப்பசி வரட்டும்" என்று அம்மாதான் தடுத்தார். சொன்னபடியே ஐப்பசியில் வெளிர்நீலமாகப் பூத்தது. பகல் குறுகினால்தான் இது பூக்கும். இங்கே ஆனிப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் ஒரு மணி நேரம் போலத்தான் வித்தியாசம். அதைக்கூடக் கொடி கணக்கு வைத்திருக்கிறது!

அப்புறம், பந்தல் போட வேண்டும். காய்கள் ஒன்றாக முற்றாது. பிஞ்சாகப் பறித்தால் துவரனுக்கு (தேங்காய் போட்ட பொரியல்) அருமை, நாலு நாள் விட்டால் நார். முற்றிய விதையை இரவு முழுக்க ஊறவைத்தாலும் குக்கர் எளிதில் மசியவைக்காது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்களும் பச்சை விதையில் உண்டு, நன்றாக வேகவைத்தால்தான் போகும். அவற்றை அடியோடு நீக்கிய ரகம் வேண்டும் என்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: பூச்சியிடமிருந்து விதையைக் காப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு.

ஆகவே என் கணக்கில் முதல் தேவை, பகல் நீளம் பார்க்காமல் பூக்கும் குட்டைச் செடி. புரதத்தை இன்னும் இரண்டு சதவீதம் கூட்டுவதெல்லாம் பிறகு. இது பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர். ஒட்டுக்கட்ட, அதாவது ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்க்க வேண்டுமானால், மொட்டு விரியும் முன்பே கையால் பிரித்து மகரந்தப் பையைக் கிள்ள வேண்டும். அதன்பின் குணம் நிலைக்க ஆறேழு தலைமுறை ஆகும். வருடம் ஒரு தடவைதான் பூக்கும் என்றால் அதுவே ஆறேழு வருடம்.

கொள்ளில் (எங்களுக்குக் காணம்) வேறு வழியும் பார்த்தார்கள். கோ 1 ரக விதையில் காமா கதிர் பாய்ச்சி, மாறிய செடிகளிலிருந்து பையூர் 2 ரகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். புதிய குணத்தை வெளியிலிருந்து கொண்டுவரும் ஒட்டு வேலை இதில் இல்லை.

வீட்டளவில் நல்ல செடியைத் தேர்ந்தெடுக்க நினைத்தால், ஒரே வீட்டு விதையில் பெரிய வேறுபாடு கிடைக்காது. நான் குலசேகரம், திங்கள்சந்தைப் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் வாங்கிய சிறகவரை விதைகளை ஆடியில் சேர்த்து ஊன்றினேன். ஒரு கொடி மட்டும் மற்றவற்றுக்கு இரண்டு வாரம் முந்திப் பூத்தது. அதில் சிவப்பு நூல் கட்டி, காயைப் பறிக்காமல் விதைக்கு விட்டிருக்கிறேன். அம்மாவுக்குத்தான் அந்தப் பிஞ்சுகள் மேல் கண்.