எழுத்தாளராக ஆசை, ஆனால் உட்கார்ந்து எழுத மனம் வரமாட்டேன் என்கிறது. உந்துதலும் ஒழுங்கும் எங்கிருந்து வரும்?

உந்துதல் எனக்கும் வந்ததில்லை. "நேரம் கிடைத்தால் எழுதிவிடுவேன்" என்று பத்து வருடம் சொல்லித் திரிந்தவன். 2020 ஊரடங்கில் நேரம் கொட்டிக் கிடந்தது. ஒரு பக்கம்கூடத் தேறவில்லை.

பிறகுதான் ஆந்தனி டிராலப்பைப் பற்றிப் படித்தேன். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், 47 நாவல்கள் எழுதியவர். அவற்றில் கிட்டத்தட்டப் பாதியை 1867 வரை அஞ்சல் துறை உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். காலை 5.30க்கு மேசைக்கு வந்துவிடுவார். முதல் அரைமணி, முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல். கலைஞன் இப்படியா எழுதுவான் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது.

அதைவிடப் பிடித்தது இன்னொன்று. தன்னை எழுப்பிக் காப்பி கொடுப்பதற்கென்றே வேலையாளுக்கு வருடம் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த ஆளுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேனோ என்று சுயசரிதையில் எழுதியும் வைத்தார். ஆக, அவ்வளவு பெரிய உழைப்பாளியும் எழுந்திரிக்கிற விஷயத்தில் தன்னை நம்பவில்லை!

எனக்கு ஆள் வைக்க வசதியில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஐந்து மணிக்குக் குழாயில் தண்ணீர் விடுவார்கள். அலாரத்தை அமுக்கிவிட்டுத் தூங்கலாம், தண்ணீரை விட்டுவிட்டு இந்த வீட்டில் யாரும் தூங்க முடியாது. தொட்டி நிரம்ப நாற்பது நிமிடம். அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தேன். போனை உள்ளே வைத்துவிட்டு, வாசல் திண்ணையில் ஒரு நோட்டும் பேனாவுமாக உட்கார ஆரம்பித்தேன். கணக்கு ஒரு பக்கம்தான். குப்பையாக இருந்தாலும் ஒரு பக்கம். பெரும்பாலும் குப்பைதான். தொட்டி வழிந்து மனைவியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட நாட்களில் மட்டும் கொஞ்சம் நன்றாக வந்திருக்கும்.

எட்டு மாதத்தில் மூன்று நோட்டு தீர்ந்தது. அதிலிருந்து ஐந்து கதைகள் தேறின. இரண்டு திரும்பி வந்தன, ஒன்று சிற்றிதழில் வந்தது, மற்றவற்றுக்கு இன்னும் பதில் இல்லை.

உங்கள் வீட்டிலும் உங்களைக் கேட்காமலே எழுப்பிவிடுகிற ஏதாவது ஒன்று இருக்கும். பால்காரர், குழந்தையின் பள்ளி வேன், முதல் பஸ். நோட்டை அதன் பக்கத்தில் வையுங்கள்.

இப்போதெல்லாம் தண்ணீர் வராத நாளிலும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அன்றைக்கு எழுதுகிறேனா என்று கேட்டால், பாதி நாள் பேப்பர்தான் படிக்கிறேன்.