தொடக்கப் பள்ளிக் கணினி ஆய்வகத்துக்கு எந்தக் கல்வி மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம்?

இப்படி மென்பொருள் தேர்ந்தெடுப்பதில் ஒரு முறை தவறு செய்து, அந்தத் தவறோடு மூன்று ஆண்டுகள் காலம் தள்ளியவன் என்பதால் இதற்குப் பதில் எழுதுகிறேன். உங்கள் ஆய்வகத்திலும் பாதிக் கணினிகள் பழையவை, விற்பனையாளர் ஒருவர் வந்து செயல்விளக்கம் காட்டிவிட்டுப் போயிருக்கிறார், நிர்வாகம் உங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறது என்றே ஊகிக்கிறேன்.

எங்களுக்கு அது 2018இல் நடந்தது. தலைமையாசிரியர் அறையில், விற்பனையாளர் கொண்டுவந்த புத்தம்புதிய லேப்டாப்பில், கூட்டலும் எழுத்துக்கூட்டலும் வண்ணப் படங்களோடு ஓடியதைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தோம். ஆய்வகப் பொறுப்பாசிரியர் என்ற முறையில் நானும் கையெழுத்திட்டேன். முதல் வகுப்பிலேயே இருபது கணினிகளும் ஒரே நேரத்தில் கைதட்டத் தொடங்கியபோதுதான், ஹெட்ஃபோன் வாங்க யாருக்கும் தோன்றவில்லை என்பது உறைத்தது. அந்த இரைச்சலையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் திரையில் ஏழும் ஐந்தும் எத்தனை என்ற கேள்வியும் நான்கு விடைகளும் இருந்தன. அவன் கேள்வியைப் பார்க்கவே இல்லை. மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துகொண்டே போனான். தவறான விடைக்கு வந்த 'டொய்ங்' என்ற ஒலி கைதட்டலைவிட வேடிக்கையாக இருந்ததால், சற்று நேரத்தில் சரியான விடையை வேண்டுமென்றே தவிர்க்கவும் கற்றுக்கொண்டான். மாத இறுதியில் வந்த அறிக்கையில் அவன் நூறு விழுக்காடு பயிற்சிகளை முடித்திருந்தான்.

அந்த அறிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வண்ண வட்டப்படத்தோடு அச்சாகி வந்ததால் நிர்வாகத்துக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை என்று நான் சொன்னபோது, அந்தத் தாளையே எடுத்து என்னிடம் காட்டினார்கள்.

முடிவு வேறு வழியில் வந்தது. அந்த மென்பொருள், அசைவுப் படங்களையும் விளையாட்டுகளையும் கணினியில் ஓட்டிய அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷை நம்பி ஓடியது. 2020 இறுதியோடு ஃபிளாஷை நிறுத்துவதாக அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்துவிட்டது, அதாவது நாங்கள் வாங்குவதற்கு முன்பே. விற்பனையாளர் அதைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தைத் தடுக்கத் தொடங்கியதால், நீண்ட விடுப்புக்குப் பின் ஆய்வகத்தைத் திறந்தபோது எந்தப் பாடமும் ஓடவில்லை.

இப்போது நாங்கள் வைத்திருப்பவை இலவச மென்பொருள்கள். கணக்குக்கு டக்ஸ்மேத் என்ற விளையாட்டு. விழுந்துகொண்டிருக்கும் எரிகல்லில் கணக்கு எழுதியிருக்கும். விடையைப் பிள்ளையே தட்டச்சு செய்தால்தான் அது வெடிக்கும் என்பதால், மேலிருந்து கீழாகக் கிளிக் செய்யும் வித்தை அங்கே செல்லாது. படம் வரைய டக்ஸ் பெயின்ட்: சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்காது, ஒலியையும் வெளியேறும் பொத்தானையும் முன்கூட்டியே முடக்கி வைக்கலாம், ஒரு முறை அச்சிட்டபின் அடுத்ததற்கு இத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்றுகூட அமைக்கலாம். ஆய்வகத்தில் நின்று பார்த்த யாரோதான் இதைச் சிந்தித்திருக்க வேண்டும். கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதப் பழக்கும் ஸ்க்ராட்ச் எட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கானது. அதன் நிறுவிக்கொள்ளும் பதிப்பு இணையம் இல்லாமலும் இயங்கும். ஐந்து முதல் ஏழு வயதினருக்கான ஸ்க்ராட்ச் ஜூனியர் முதன்மையாக டேப்லெட்டுக்காக உருவானது என்பதைப் பார்க்காமல் பாடத்திட்டத்தில் எழுதிவிடாதீர்கள்.

இவன் இலவச மென்பொருளுக்குப் பிரசாரம் செய்கிறான் என்று சிலர் சொல்லக்கூடும். விலை கொடுத்து வாங்குவதெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. இலவசமானவற்றை நிறுவிப் பராமரிக்க என் மாலை நேரங்கள் போயின என்பதையும் மறைக்கவில்லை. எதுவானாலும், உங்களிடம் உள்ளவற்றிலேயே மெதுவான கணினியில் அதை நிறுவி, இணையத்தைத் துண்டித்துவிட்டு, ஒரு பிள்ளையை உட்காரவைத்து, நீங்கள் கைகட்டிப் பின்னால் நின்று பாருங்கள். பிரெஞ்சு மொழியில் 'புரிந்துகொண்டேன்' என்று ஒலிக்கும்படி பெயரிடப்பட்ட ஜிகொம்ப்ரி என்ற சிறுவர் பயிற்சித் தொகுப்பை நாங்கள் அப்படிச் சோதித்தபோது, ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு இரட்டைக் கிளிக் வராமல், ஐகானையே திரையின் மூலைக்கு இழுத்துச் சென்றுவிட்டாள். அதைத் திறக்கவே ஆறு நிமிடம் ஆனது. அதன் பிறகுதான், முதல் மாதம் முழுவதும் அதிலுள்ள மவுஸ் பழகும் பயிற்சிகளை மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.