செயின்ட் லூசியா முதல் வகுப்பு: ஸ்டோரிவீவர் கதைகளைப் பிள்ளைகள் வாசிக்காமல் ஒப்பிப்பது

இலவசச் சிறுவர் கதைத் தளமான ஸ்டோரிவீவரின் ஆங்கிலக் கதைகளை உங்கள் முதல் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்காமல் ஒப்பிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கதையை மாற்ற வேண்டாம், சொற்களைக் குறைத்துவிடுங்கள். ஸ்டோரிவீவரில் நிலை 1 என்று போட்டிருந்தாலும் 250 சொல் வரை வரலாம். அந்த நிலை கதை எவ்வளவு நீளம், எவ்வளவு எளிது என்று பார்த்து வைத்ததே தவிர, உங்கள் பிள்ளைகள் எந்தெந்த எழுத்தொலிகளைப் படித்து முடித்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் நீங்கள் சொன்ன மாதிரி பக்கத்தைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். படத்தையும் உங்கள் குரலையும் வைத்தே கதையைப் பிடித்துவிடுகிறார்கள்.

சந்தேகமாக இருந்தால் படத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, அந்த வாக்கியத்தின் சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதிக் கலைத்துப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'ஹென்' என்று எழுத்துக்கூட்டுகிற பிள்ளை 'சிக்கன்' வந்ததும் படத்தைத் தேடினால், இன்னும் படிக்காத எழுத்தொலிகள்தான் காரணம்.

அப்புறம் அதே தளத்தில் ரீலெவல் (கதையை வேறு வாசிப்பு நிலைக்கு மாற்றி எழுதுவது) வசதியில் கதையைப் பக்கத்துக்கு ஒரு சின்ன வாக்கியமாக, படித்த ஒலிகளை வைத்தே எழுதுங்கள். மூலக்கதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நீங்கள் வாய்விட்டு வாசித்துக் காட்ட அதுதான் நல்லது. வீட்டில் க்வேயோல் (செயின்ட் லூசியாவின் பிரெஞ்சு சார்ந்த கிரியோல் மொழி) பேசுகிற பிள்ளைகளுக்கு முதலில் க்வேயோலிலேயே கதையைச் சொல்லிவிட்டு ஆங்கிலப் பக்கத்துக்குப் போனால், அர்த்தத்தோடும் எழுத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

ஒன்று மட்டும் கவனம்: திருத்திய பிரதியிலும் எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களும் உரிமக் குறிப்பும் இருக்க வேண்டும். வேறு தளத்துப் புத்தகத்தில் சிசி (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தோடு 'என்டி' (மாற்றி எழுதியதைப் பகிர அனுமதியில்லை) என்று இருந்தால், மாற்றிய பிரதியைப் பகிரக் கூடாது.