ஃபுளோரினா, டுகாட்டா? இத்தாலிய நகரங்களின் தங்கக் காசுப் போட்டி: கேள்வி பதில்

இடைக்கால இத்தாலியின் தங்கக் காசுகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: அண்ணா, முதலில் தங்கக் காசு அடித்தது ஃபுளோரன்ஸ்தானே? எங்கே பார்த்தாலும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

ப: ஜெனோவா சில மாதம் முந்திக்கொண்டது தம்பி. இரண்டு நகரங்களுக்கும் வருடம் ஒன்றுதான், 1252. ஜெனோவாவின் ஜெனோவினோ முதலில் வந்தது, ஃபுளோரன்சின் ஃபுளோரின் நவம்பரில் வந்தது. அதற்கும் முன்னாலேயே, 1231ல், பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் பிரிந்திசியிலும் மெசினாவிலும் அகுஸ்தாலே என்ற தங்கக் காசை அடித்தார். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், ஆனால் தங்கம் இருபதரை காரட்தான். தங்கக் காசு அடிப்பது பேரரசருக்கு உரிய உரிமை என்று கருதப்பட்ட காலம் அது. ஃபிரெடெரிக் 1250 டிசம்பரில் இறந்தார். இரண்டே வருடத்தில் இரண்டு நகரங்கள் துணிந்து இறங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கே: சார், காசு எவ்வளவு பெரியது? மேலே என்ன இருக்கும்?

ப: சுமார் 3.5 கிராம், அன்றைக்கு எட்ட முடிந்த அளவுக்குச் சுத்தமான 24 காரட். நம் கணக்கில் அரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. ஃபுளோரினில் ஒரு பக்கம் லில்லிப் பூ, மறுபக்கம் நகரத்தின் காவல் புனிதரான திருமுழுக்கு யோவான். அரசன் முகமே கிடையாது. ஜெனோவாவில் ஒரு பக்கம் கோட்டை வாசல், மறுபக்கம் சிலுவை, அதைச் சுற்றி மன்னர் கொன்ராட் பெயர். காசு அடிக்க ஜெனோவாவுக்கு அனுமதி கொடுத்தவர் அவர்தான். ஆள் செத்து நூறு வருடம் ஆகியும் பெயரை விடவில்லை.

கே: போட்டி போட்டி என்கிறீர்களே, நிஜமாகவே அடித்துக்கொண்டார்களா, இல்லை வரலாற்றாசிரியர்கள் கட்டிய கதையா?

ப: காசை வைத்தே அவமானப்படுத்திக்கொண்டார்கள். ஜொவான்னி வில்லானி எழுதிய நாளாகமத்தில் இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. அவர் பின்னாளில் ஃபுளோரன்சின் அக்கசாலை (காசு அடிக்கும் சாலை) அதிகாரியாகவும் இருந்தவர்.

ஒன்று வட ஆப்பிரிக்கத் துறைமுகமான துனிசில் நடந்தது. அங்கே வந்து சேர்ந்த ஃபுளோரினைப் பார்த்த மன்னர், “யார் இந்த ஃபுளோரன்ஸ்காரர்கள்?” என்று பீசா வணிகர்களைக் கேட்கிறார். துறைமுகத்தில் பீசாவின் கை ஓங்கியிருந்த நேரம். “உள்நாட்டில் இருக்கும் எங்கள் அரபுகள்” என்கிறார்கள், அதாவது ஏதோ மலைவாசிகள் என்ற தொனியில். “அரபுகளின் காசு மாதிரி தெரியவில்லையே. சரி, உங்கள் தங்கக் காசு எங்கே?” என்று மன்னர் திருப்பிக் கேட்க, பீசாக்காரர்களிடம் பதில் இல்லை. பிறகு பெரா பால்டுச்சி என்ற ஃபுளோரன்ஸ் வணிகரை வரவழைத்துப் பேசி, பீசாவுக்கு இருந்த சலுகைகளை அவர் ஊருக்கும் கொடுத்தாராம். இதைச் சொல்பவர் ஃபுளோரன்ஸ்காரர் என்பதை மறந்துவிடாமல் படிக்க வேண்டும்.

இன்னொன்று 1256ல். பீசாப் படையைத் தோற்கடித்த ஃபுளோரன்ஸ் படை, செர்க்கியோ ஆற்றுப் பக்கம் ஒரு பெரிய பைன் மரத்தை வெட்டி, அந்த அடிமரத்தின் மேலேயே வைத்து ஃபுளோரின் அடித்தது. அங்கே அடித்த காசு என்று தெரிவதற்காக யோவானின் காலடியில் மூன்று இலைச் செடி ஒன்றைப் பொறித்தார்கள். எதிரி மண்ணில் காசு அடிப்பது இந்த ஊர் உன் கையில் இல்லை என்று சொல்வதற்குச் சமம். 1325ல் ஃபுளோரன்சுக்கே அது திரும்ப வந்தது. அல்தோபாஷோ போரில் ஜெயித்த, லூக்கா நகரத்தை ஆண்ட கஸ்த்ரூச்சோ, ஃபுளோரன்சின் வாசலில் இருக்கும் சின்யாவில் உட்கார்ந்து தன் காசை அடித்தார்.

கே: பெரிய வணிக நகரம் வெனிஸ்தான். அது ஏன் 32 வருடம் தூங்கியது?

ப: தூங்கவில்லை, தேவைப்படவில்லை. 1190களிலிருந்தே கிரோசோ என்ற நல்ல வெள்ளிக் காசு கையில் இருந்தது. தங்கம் வேண்டுமானால் பைசாந்தியப் பேரரசின் ஹைப்பர்பைரான் இருந்தது. 1261ல் கான்ஸ்டான்டிநோபிளை மீட்ட பைசாந்தியப் பேரரசர் எட்டாம் மிக்கேல் செலவுக்குத் திண்டாடி அந்தக் காசில் தங்கத்தைக் குறைத்துக்கொண்டே போனார். 1280களில் அது 15 காரட் பக்கம் வந்துவிட்டது. அப்புறம்தான் வெனிஸ் எழுந்தது. 1284 அக்டோபர் 31ல் பெருமன்றம் போட்ட தீர்மானத்தில், புதிய காசு ஃபுளோரின் அளவுக்கு அல்லது அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். ஒரு மார்க் (அன்றைய எடை அளவு) தங்கத்துக்கு 67 காசு. அதுதான் டுகாட். ஒரு பக்கம் புனித மாற்கிடம் கொடி வாங்கும் டோஜ், அதாவது வெனிஸ் குடியரசின் தலைவர், மண்டியிட்டபடி. மறுபக்கம் நட்சத்திரங்கள் சூழ்ந்த இயேசு.

கே: இத்தாலியில் தங்கச் சுரங்கம் உண்டா?

ப: சொல்லும்படியாக இல்லை. தொடக்கத்தில் சகாராவைத் தாண்டி வந்த மேற்கு ஆப்பிரிக்கத் தங்கம், துனிஸ் போன்ற வட ஆப்பிரிக்கத் துறைமுகங்கள் வழியாக. 1320களுக்குப் பிறகு ஹங்கேரியின் கிரெம்னிட்சா சுரங்கம். அதில் பெரும்பகுதி வெனிஸ் பக்கம் ஒதுங்கியது.

கே: இந்தத் தங்கமெல்லாம் சாதாரண ஆளுக்கு என்ன பிரயோஜனம் ஐயா? கூலிக்காரன் கையில் ஃபுளோரின் வந்திருக்குமா?

ப: வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். வந்திருக்காது. நெசவாளிக்கும் கம்பளி அடிப்பவனுக்கும் கூலி சில்லறையில்தான், செம்பு கலந்து கலந்து கறுத்துப்போன வெள்ளிக் காசில். 1252ல் ஒரு ஃபுளோரினுக்கு 20 சோல்தி, அதாவது சில்லறைக் கணக்கில். 1300 வாக்கில் 46 சோல்திக்கு மேல். 1500ல் 140. ஃபுளோரின் ஏறவில்லை, சில்லறை தேய்ந்தது. அக்கசாலையை மேற்பார்த்த இரண்டு பேரில் ஒருவர் துணி வணிகர் சங்கத்திலிருந்து, மற்றவர் காசு மாற்றுவோர் சங்கத்திலிருந்து வருவார். துணியை விற்றுத் தங்கம் வாங்குவார்கள், கூலியைச் சில்லறையில் கொடுப்பார்கள். சில்லறையில் வெள்ளி குறையக் குறைய, கூலித் தொகையைத் தொடாமலே கூலியைக் குறைத்த மாதிரி. 1378ல் கம்பளித் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஃபுளோரினின் மாற்றுக் குறையாத பெருமையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கும் கூடவே நினைவுக்கு வரும்.

கே: கள்ளக் காசு அடித்தவர்கள் உண்டா?

ப: ஏன் இல்லை? ரொமேனாப் பிரபுக்களுக்காக ஃபுளோரின் அடித்துக் கொடுத்த ஆதாமோ என்பவரை 1281ல் உயிரோடு எரித்தார்கள். 24 காரட்டில் மூன்று காரட் கசடு. கவிஞர் தாந்தே அவரை நரகத்தில் வைத்துப் பாடியதால் இன்றும் பெயர் நிற்கிறது.

கள்ளத்தைவிடத் தேய்மானம்தான் தினசரித் தலைவலி. அதனால் ஃபுளோரன்சில் காசுகளை எடை பார்த்து, தோல் பையில் போட்டு, முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். பையைப் பிரிக்காமலே அது கைமாறும். உள்ளே காசுகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துகொண்டிருக்கும், வெளியே முத்திரை மட்டும் அப்படியே இருக்கும்!

கே: கடைசியில் யார் ஜெயித்தது?

ப: டுகாட். ஃபுளோரின் ஐரோப்பாவை வளைத்தது, ஹங்கேரி மன்னரே 1325ல் அதே லில்லியோடு அடித்தார். ஆனால் கிழக்கே, அலெக்சாண்டிரியாவிலும் சிரியாவிலும், டுகாட்தான் செல்லுபடி. 1422ல் ஃபுளோரன்ஸ் தன் கப்பல் வணிகத்துக்காக டுகாட்டுக்கு ஈடான அகல ஃபுளோரினை அடித்தது; தோல்வியை ஒப்புக்கொண்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். 1425ல் எகிப்து சுல்தான் பார்ஸ்பாய் தன் தங்கக் காசின் எடையை டுகாட்டை ஒட்டி அமைத்தார். மிளகு வணிகத்தோடு அது நம் பக்கமும் வந்தது. தெற்கே, டோஜ் பிடித்திருக்கும் கொடிக்கம்பம் பனைமரமாகவும் டோஜ் பனையேறுபவராகவும் மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஃபுளோரின் 1530களில் நின்றுபோனது. டுகாட்டை வெனிஸ் குடியரசு விழுந்த 1797 வரை ஏறக்குறைய அதே மாற்றில் அடித்தார்கள்.

கே: ஒரு ஃபுளோரின் வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?

ப: முதலில் எடை. அப்புறம் லில்லிப் பக்கத்து எழுத்தைப் படியுங்கள். ஃபுளோரன்ஸ் என்று இல்லாமல் வேறு மன்னர் பெயரோ ஊர்ப் பெயரோ இருந்தால், அது அந்தக் காலத்திலேயே வேறு ஊரில் அடித்த நகல். அதுவும் பழங்காசுதான், ஆனால் விலையை அதற்கேற்ப பேசுங்கள். பிறகு யோவானின் தலைப் பக்கம் சின்னக் குறி ஒன்று இருக்கிறதா பாருங்கள். பதினான்காம் நூற்றாண்டிலிருந்து அக்கசாலைப் பொறுப்பாளர்கள் ஆளுக்கொரு குறி போட்டார்கள், 1317ல் அதற்குப் பதிவேடும் தொடங்கினார்கள். குறி தெளிவாக இருந்தால் எந்த ஆறு மாதத்தில் அடித்தது என்பதுவரை பல காசுகளுக்குச் சொல்லிவிடலாம். விற்பவர் அதைச் சொல்லத் தெரியாமல் முழித்தால், நீங்களே படம் எடுத்துக்கொண்டு வந்து பதிவேட்டோடு ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.